மூலைக்குக் கொண்டுபோய் முட்டுவது

மெய்நிகர் இயந்திரத்துக்குள் மவுஸ் அம்பு உங்கள் கையோடு ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளி நிற்கிறதென்றால், தப்பு உங்கள் மேல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இத்தனை வருஷமாக யார் வந்து கேட்டாலும் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கொடுக்கும் பதில் ஒன்றுதான்: "டூல்ஸ் இன்ஸ்டால் பண்ணலையா?" கேள்வி மாதிரி இருக்கும், உண்மையில் அது தீர்ப்பு. கேட்டவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார். பிரச்சினை அப்படியே இருக்கும். என் கோபம் அந்தப் பதில் மேல்தான். அதற்குப் பின்னால் உள்ள சோம்பேறித்தனம் மேலும்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சுற்று. மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் செய்த இன்னொரு கம்ப்யூட்டர். வெளியே இருப்பதை ஹோஸ்ட் என்பார்கள், உள்ளே இருப்பதை கெஸ்ட் என்பார்கள். வீட்டுக்காரர், விருந்தாளி. விருந்தாளிக்குத் தான் விருந்தாளி என்று தெரியாது. தனக்கென்று நிஜமான கீபோர்டு, நிஜமான டிஸ்க், நிஜமான மவுஸ் இருப்பதாகவே அது நம்பிக்கொண்டிருக்கும். அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி ஒவ்வொரு சாதனத்தையும் நடித்துக் காட்டுவதுதான் ஹோஸ்ட் பக்கம் ஓடும் மென்பொருளின் வேலை. பிரெஞ்சுக்காரரான ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-ல் வெளியிட்ட க்யூஎமு, அதற்கு முன்பே 1999-ல் வந்துவிட்ட விஎம்வேர், 2007-ல் வந்த வெர்ச்சுவல்பாக்ஸ் எல்லாமே செய்வது இந்த நடிப்பைத்தான்.

எந்த மவுஸை நடிப்பது என்பதில்தான் வில்லங்கம்.

1987-ல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு ஒரு மவுஸ் செருகியைக் கொண்டுவந்தது. வட்டமான சின்ன செருகி. நாற்பது வயதுக்காரர்களுக்கு அதன் பச்சை நிறம்கூட ஞாபகம் இருக்கும். அந்த மவுஸ் ஒவ்வொரு தடவையும் மூன்று பைட் அனுப்பும். எந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது, கிடைமட்டமாக எவ்வளவு நகர்ந்தேன், செங்குத்தாக எவ்வளவு நகர்ந்தேன். அவ்வளவே. தான் எங்கே இருக்கிறேன் என்று அது ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. மேசை மேல் கிடக்கும் மவுஸுக்குத் திரை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? "வலது பக்கம் ஏழு, கீழே மூன்று" என்று சொல்லும். வாங்கிக்கொள்ளும் இயங்குதளம் அந்த ஏழை ஏழாகவே வைத்துக்கொள்ளாது. வேகமாக இழுத்தால் இருபதாக்கும், மெதுவாக நகர்த்தினால் நாலாக்கும். விண்டோஸ் எக்ஸ்பியில் "சுட்டியின் துல்லியத்தைக் கூட்டு" என்ற அர்த்தத்தில் டிக் போட்டு வைத்திருந்த கட்டம் செய்வது இதைத்தான். நிஜ மவுஸில் இது அருமையான ஏற்பாடு. கண் அம்பைப் பார்க்கிறது, கை தானாகச் சரிசெய்துகொள்கிறது. ஏழு எங்கே இருபதானது என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை.

இப்போது அதே மவுஸை மெய்நிகர் இயந்திரத்துக்குள் நடித்துப் பாருங்கள். வெளியே ஹோஸ்டுக்கு ஒரு அம்பு இருக்கிறது. அது தன் கணக்குப்படி நகர்கிறது. உள்ளே கெஸ்டுக்கு இன்னொரு அம்பு. ஹோஸ்ட் தன் அம்பின் நகர்வை "ஏழு, மூன்று" என்று உள்ளே அனுப்புகிறது. கெஸ்ட் தன் பங்குக்கு அதைப் பெருக்கியோ சுருக்கியோ வைத்துக்கொள்கிறது. இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எங்கேயும் இல்லை. கெஸ்ட் தன் அம்பைத் திரையில் வெறும் படமாக வரைந்துவிட்டால், அது எங்கே நிற்கிறது என்று ஹோஸ்டுக்குத் தெரிய வழியும் இல்லை. அதற்கு அதுவும் பத்தோடு பதினொன்றாக ஒரு பிக்சல் குவியல். பத்து தடவை நகர்த்தினால் பத்து சின்னப் பிழை. நூறு தடவைக்கு நூறு. திருத்த ஆளில்லாததால் பிழை மேல் பிழை ஏறுகிறது.

இதற்குப் பழைய காலத்தில் கண்டுபிடித்த வைத்தியம், அம்பைச் சிறைபிடிப்பது. ஜன்னலுக்குள் ஒரு தடவை க்ளிக் செய்தால் வெளி அம்பு மறைந்துவிடும், உள் அம்பு மட்டும் இருக்கும். ஒரே அம்பு என்பதால் விலகல் தெரியாது. ஆனால் வெளியே வர வழியும் இருக்காது. க்யூஎமுவில் கன்ட்ரோல்-ஆல்ட்-ஜி அடிக்க வேண்டும், விஎம்வேரில் கன்ட்ரோல்-ஆல்ட், வெர்ச்சுவல்பாக்ஸில் வலது கன்ட்ரோல். முதல்தடவை உபயோகிக்கும் பிள்ளைகள் மவுஸ் தொலைந்துவிட்டது என்று நினைத்து பவர் பட்டனை அழுத்துவதை லேப் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். சுவரில் ஒரு பிரிண்ட் அவுட் ஒட்டியிருப்பார்கள்: "மவுஸ் மாட்டிக்கொண்டால் வலது கன்ட்ரோலை அழுத்தவும்." ஒரு பொருளைப் பயன்படுத்தச் சுவரில் எச்சரிக்கை ஒட்ட வேண்டியிருந்தால், பொருளைச் செய்தவனைத்தானே கூப்பிட்டுக் கேட்க வேண்டும்?

தூரத்திலிருந்து வேலை செய்தால் சிறைபிடிப்பதும் உதவாது. விஎன்சி என்ற தூரத்திரை நெறிமுறை கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் உருவானது. அதில் சுட்டிச் செய்தி ஆறே பைட்: வகை, பொத்தான், பிறகு திரையில் அம்பு நிற்கும் இடத்தின் இரண்டு எண்கள். இடத்தை, கவனியுங்கள், இடத்தையே அனுப்புகிறது. தெளிவான, சண்டைக்கு இடமில்லாத தகவல். அது சர்வர் வரை பத்திரமாக வந்து சேர்கிறது. அங்கே பிஎஸ்/2 மவுஸை நடிக்க வேண்டியிருப்பதால் அந்த இடத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்து "ஏழு, மூன்று" என்று உள்ளே ஊட்டுகிறார்கள். முழு முகவரி எழுதி வந்த கடிதத்தைக் கிழித்துவிட்டு, தபால்காரரிடம் "நேத்து நின்ன இடத்துலேர்ந்து நாலு வீடு தள்ளிப் போங்க" என்று சொல்வதற்குச் சமம்.

தீர்வு பெரிய கம்பசூத்திரம் இல்லை. மவுஸுக்குப் பதிலாக, ஓவியர்கள் வைத்திருக்கும் பேனாப்பலகையை நடித்தால் போதும். அந்தப் பலகை நகர்வைச் சொல்லாது, இடத்தைச் சொல்லும். அகலத்தில் 0-விலிருந்து 32767 வரை ஒரு எண், உயரத்தில் அதேபோல் இன்னொன்று. ஜன்னலுக்குள் உங்கள் அம்பு நட்டநடுவில் இருந்தால் 16383-ஐ ஒட்டி ஒரு எண் போகும், கெஸ்ட் தன் அம்பை நட்டநடுவில் வைக்கும். பெருக்கல், சுருக்கல், ஞாபகம் எதுவும் வேண்டாம். ஒரு செய்தி தொலைந்தாலும் அடுத்த செய்தி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். சிறைபிடிக்கவும் வேண்டாம், அம்பு ஜன்னலுக்குள் போகும், வெளியே வரும், கதவில்லா வீடு மாதிரி.

யூஎஸ்பி சாதனம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் விவரணையில் இதற்கான வேறுபாடு எத்தனை என்று பார்த்தால் எரிச்சல் இன்னும் கூடும். நகர்வைச் சொல்லும் மவுஸ் என்றால் அந்த இடத்தில் 81 06 என்று இரண்டு பைட். இடத்தைச் சொல்லும் பலகை என்றால் 81 02. நாலுக்கான ஒரே ஒரு பிட். அளவெல்லையையும் மாற்றிச் சொல்ல வேண்டும், உண்மை, ஆனால் சாரம் அந்த ஒரு பிட்தான். இந்த யோசனையும் புதிது கிடையாது. 1963-ல் ஐவன் சதர்லாந்து ஸ்கெட்ச்பேடில் ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு வரைந்தார். தொட்ட இடம் தொட்ட இடமாகவே இருந்தது. டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை உலகத்துக்குக் காட்டிய 1968 டிசம்பருக்கு ஐந்து வருஷம் முந்தைய சமாச்சாரம் அது.

க்யூஎமுவில் யூஎஸ்பி டேப்லெட் 2006-லேயே வந்துவிட்டது. இன்றைக்கும் வேறொன்றும் சொல்லாமல் ஒரு சாதாரண பிசியை அதில் கிளப்பினால் வந்து நிற்பது பிஎஸ்/2 மவுஸ்தான். கேட்டால் கிடைக்கும், கேட்காதவனுக்குக் கிடையாது. கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பவன் யார்? என்னைப் போல சம்பளம் வாங்கிக்கொண்டு இதையே பார்ப்பவன்.

தெரியாதவர்கள் யார் என்பதற்கு நான் தினமும் போய்வரும் உத்தனப்பள்ளியே போதும். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் தக்காளி, ரோஜா. இன்னொரு பக்கம் கம்பெனி பஸ்கள். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் ஒரே டீக்கடையில் ஓடும். அங்கே ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பு, கம்பெனி கேட்-பாஸ் புத்தகம். டிசைன் செய்யும் அக்கா இருபது வருஷமாக பேஜ்மேக்கரில் வேலை பார்ப்பவர். பழைய மெஷின் செத்ததும், அவர் தம்பி மகன் புது மெஷினில் லினக்ஸ் போட்டு, அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பியை மெய்நிகர் இயந்திரமாக வைத்துக் கொடுத்துவிட்டு பெங்களூர் போய்விட்டான். பையன் நல்ல காரியம்தான் செய்திருக்கிறான்.

அக்கா வேலை செய்வதைப் பின்னால் நின்று பார்த்தேன். நாலு வரி திருத்துவார், பிறகு மவுஸைச் சரட்டென்று இடது மேல் மூலைக்கு இழுப்பார். இரண்டு மூன்று தடவை அதே மூலையில் இடிப்பார். பிறகு திரும்பி வந்து வேலையைத் தொடர்வார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மூலை. "என்னக்கா அது?" என்றேன்.

"முட்டிட்டு வரணும் தம்பி. இல்லைன்னா தப்பா போய் நிக்கும்."

யாரும் சொல்லித்தராமல் அவரே கண்டுபிடித்தது. அறிவு என்றால் இது. மூலையில் முட்டினால் இரண்டு அம்பும் அதற்குமேல் போக முடியாமல் ஒரே இடத்தில் நின்றுவிடும், விலகல் பூஜ்யமாகும். அதிலிருந்து மறுபடி கிளம்பலாம், அடுத்த விலகல் சேரும்வரை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை முட்டுகிறார் என்று எண்ணிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

இதில் வரலாறு படித்தவர்களுக்கு ஒரு செய்தி உண்டு. வில்லியம் லாம்டன் 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே ஒரு ஆதாரக்கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியாவை அளந்துகொண்டு மேற்கே வந்தார். முக்கோணத்தின் மேல் முக்கோணம் ஏறும்போது பிழையும் ஏறும் என்று அவருக்குத் தெரியும். அதனால் 1804-ல், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெங்களூருக்குப் பக்கத்தில், இன்னொரு கோட்டைத் தரையிலேயே சங்கிலி போட்டு அளந்து சரிபார்த்தார்கள். கணக்கு சொன்னதற்கும் தரை சொன்னதற்கும் சில அங்குலமே வித்தியாசம். அது மூலைக்குக் கொண்டுபோய் முட்டியதுதான். சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் போராடிய ஊர் உத்தனப்பள்ளி. கல் எங்கே நட்டிருக்கிறது என்பது இங்கே யாருக்கும் சாதாரண விஷயம் இல்லை. அளவு பிசகினால் பிசகியது யாருடைய பக்கம் என்று கேட்கத் தெரிந்த ஊர். லாம்டன் சில வருஷத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டியதை ஒரு டிசைனர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டியிருப்பதைத்தான் நான் இங்கே கேட்கிறேன்.

இலக்கியம் படிக்கிற உங்களுக்கு ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், அந்த அக்காவின் டிஸ்கில் கல்யாணப் பத்திரிகை மட்டும் இல்லை. பக்கத்து ஊர் வாத்தியார்கள் சேர்ந்து நடத்திய சிற்றிதழ் ஒன்றின் சில இதழ்கள், உள்ளூர்க்காரர்கள் சொந்தக் காசில் போட்ட இரண்டு கவிதைத் தொகுப்பு, ஒரு கோயில் தலபுராணம். எல்லாம் பேஜ்மேக்கர் கோப்புகள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள். ஆங்கில எழுத்து உட்கார வேண்டிய இடத்தில் தமிழெழுத்தை உட்கார வைத்து ஏமாற்றிய காலம் அது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் குறிமுறைகளைத் தரப்படுத்தியது. அதற்கு வெளியே ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனிக் குறிமுறை வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் வருவது கிறுக்கல். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 7, வந்தது 2001-ல். அடோபி பிறகு இன்டிசைனுக்குப் போய்விட்டது, இன்றைய இன்டிசைன் அந்தக் கோப்புகளைத் திறப்பதில்லை. ஆக, ஏறக்குறைய 1990-களின் நடுவிலிருந்து பதினைந்து வருஷம் தமிழில் அச்சானதில் பெரும்பகுதியின் மூலக்கோப்புக்குப் போக உள்ள நேர்வழி, பழைய விண்டோஸ் ஒன்றை உயிரோடு வைத்திருப்பது. அது மெய்நிகர் இயந்திரத்துக்குள்தான் உயிரோடு இருக்கும். அந்த எழுத்தையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றப்போவது பல்கலைக்கழகம் இல்லை, இந்த மாதிரி அக்காக்கள்தான். ஒரு சட்டகத்தின் ஓரத்தைப் பிடித்து இழுக்க, ஒரு பத்தியைத் தேர்ந்தெடுக்க, அம்பு சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். நிற்காததால் அக்கா என்ன செய்தார் தெரியுமா? மறுபதிப்பு கேட்டு வந்த ஒரு கவிதைப் புத்தகத்தை, "திறந்து திருத்துறதுக்கு மறுபடி அடிச்சிடலாம் தம்பி" என்று முதலிலிருந்து டைப் செய்தார். எண்பது பக்கம்.

ஓசூர் சிப்காட் பக்கமும் இதே கதை, ஆனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய மெஷின்களின் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விண்டோஸ் கேட்கும் என்பதால் பராமரிப்பு ஆட்கள் ஒரே லேப்டாப்பில் நாலைந்து மெய்நிகர் இயந்திரம் வைத்திருப்பார்கள். தொடுதிரை லேப்டாப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். விரல் என்பது இடத்தைச் சொல்லும் கருவி, அதற்கு "ஏழு நகர்ந்தேன்" என்று சொல்லத் தெரியாது. நிறுத்து என்ற பொத்தானைத் தொட்டால் தொடங்கு என்பதற்குப் பக்கத்தில் போய் அம்பு நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி எதிர்த்தரப்பு. மூன்று வாதம் வைப்பார்கள்.

முதலாவது, விசுவாசம். "மெய்நிகர் இயந்திரம் நிஜ பிசியை அப்படியே நடிக்க வேண்டும், நிஜ பிசியில் பிஎஸ்/2 மவுஸ்தான் இருந்தது." இந்த விசுவாசத்தின் பலன் என்ன என்று 2015-ல் உலகமே பார்த்தது. க்யூஎமுவின் மெய்நிகர் ஃப்ளாப்பி கட்டுப்படுத்தியில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள், வெனம் என்று பெயர் வைத்தார்கள். கெஸ்டுக்குள் இருப்பவன் ஹோஸ்டுக்குத் தப்பித்து வர வழிவிடக்கூடிய ஓட்டை. 2004-லிருந்தே அது அங்கே இருந்தது. யாரும் ஃப்ளாப்பி போடாத காலத்தில், நிஜ பிசியில் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக, கேட்காமலே எல்லா இயந்திரத்திலும் அந்தக் கட்டுப்படுத்தி இருந்தது. யாருக்கும் வேண்டாத ஃப்ளாப்பி கேட்காமலே கிடைக்கும், எல்லோருக்கும் வேண்டிய சுட்டி கேட்டால்தான் கிடைக்கும் என்றால், விசுவாசம் என்பது வெறும் பழக்கத்துக்கு வைத்த கௌரவப் பெயர். தவிர, மெய்நிகர் டிஸ்கையும் நெட்வொர்க்கையும் வேகத்துக்காக எந்த நிஜ சாதனத்தைப் போலவும் இல்லாமல் விர்ட்ஐஓ என்று புதிதாகவே செய்துகொண்டார்கள். சர்வர் வைத்திருப்பவனுக்கு வலித்தபோது விசுவாசம் எங்கே போனது?

இரண்டாவது வாதம், செலவு. இதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். பழைய யூஹெச்சிஐ வகை யூஎஸ்பி கட்டுப்படுத்தி மில்லிசெகண்டுக்கு ஒரு சட்டகம் என்று ஓடுவது. அதை நடிக்க ஹோஸ்ட் செகண்டுக்கு ஆயிரம் தடவை விழித்துக்கொள்ள வேண்டும், கெஸ்ட் தூங்கிக்கொண்டிருந்தாலும். ஐம்பது இயந்திரம் ஓடும் சர்வரில் அது வீண் செலவு. ஆனால் அது அந்தக் கட்டுப்படுத்தியின் குணம். இடத்தைச் சொல்லும் சுட்டியின் குற்றமாக அதை எழுதக் கூடாது. புதிய கட்டுப்படுத்திகளில் இந்தப் பாரம் வெகுவாகக் குறைகிறது. 2015-ல் க்யூஎமுவுக்கும் லினக்ஸுக்கும் விர்ட்ஐஓ டேப்லெட்டே வந்தது, அதற்கு யூஎஸ்பியே தேவையில்லை. ப்ராக்ஸ்மாக்ஸ்காரர்கள் இதில் செய்திருப்பதுதான் நாணயம்: டேப்லெட்டை இயல்பாகவே இருப்பதாக வைத்துவிட்டு, திரையே பார்க்காத இயந்திரங்கள் நிறைய ஓட்டுபவர்கள் வேண்டுமானால் அணைத்துக்கொள்ளலாம் என்று கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அணைக்கத் தெரிந்தவன் அணைத்துக்கொள்வான். போடத் தெரியாதவன் கஷ்டப்பட மாட்டான். சுமை யார் தலையில் போக வேண்டுமோ அங்கே போகிறது.

மூன்றாவது, அந்தப் பிரசித்தி பெற்ற "டூல்ஸ் இன்ஸ்டால் பண்ணுங்க". கெஸ்டுக்குள் ஒரு துணை மென்பொருளைப் போட்டால் அது ஹோஸ்டோடு ரகசியமாகப் பேசி அம்பை ஒட்ட வைக்கும். விஎம்வேரின் வழி கெட்டிக்காரத்தனமானது. பதினாறடிமானத்தில் 5658 என்ற எண்ணுள்ள வாயிலைக் கெஸ்ட் தட்டினால், நிஜ மெஷினில் அங்கே ஒன்றும் இருக்காது. விஎம்வேருக்குள் ஓடினால் பதில் வரும். அந்தப் பின்வாசல் வழியாக அம்பின் இடம் உள்ளே போகும். க்யூஎமுவும் அதை நடிக்கிறது. யூஎஸ்பியே தெரியாத பழைய இயங்குதளங்களுக்கு இது உண்மையாகவே வரம். டாஸுக்கும் விண்டோஸ் 3.1-க்கும்கூட இந்த வழியைப் பயன்படுத்தும் டிரைவர் எழுதிய தன்னார்வலர் இருக்கிறார், கும்பிட வேண்டிய ஆள். ஆனால் இதையே எல்லோருக்குமான பதிலாகச் சொல்வது அநியாயம். துணை மென்பொருளை நிறுவ நாலு பட்டனை க்ளிக் செய்ய வேண்டும். க்ளிக் செய்யத்தானே முடியவில்லை? இயங்குதளத்தையே நிறுவும் திரையில் எந்த டூல்ஸும் இருக்காது, முதல் அனுபவமே அங்கேதான். இருபது வருஷத்துக்கு முந்தைய கெஸ்டுக்கு ஏற்ற பதிப்பைத் தேடி இணையத்தில் அலைவதை எண்பது பக்கம் டைப் செய்யும் அக்காவிடம் சொல்லிப் பாருங்கள். பலகையை நடித்தால் எக்ஸ்பி அதை இன்னொரு யூஎஸ்பி மவுஸ் என்று தானே ஏற்றுக்கொள்கிறது, டூல்ஸ் கேட்பதில்லை.

நகர்வு மட்டுமே சரியாக வரும் இடங்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. துப்பாக்கி விளையாட்டில் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்; திரையின் ஓரம் வந்ததும் உலகம் நின்றுவிட்டால் விளையாட முடியாது. முப்பரிமாண வரைபட மென்பொருளில் பொருளைச் சுழற்றும்போதும் இப்படித்தான். பலகையை மாட்டிவிட்டு அங்கே போனால் பார்வை கிறுகிறுவென்று சுற்றும். இரண்டு மானிட்டர் வைத்த கெஸ்டில் 0 முதல் 32767 வரை என்பது எந்த மானிட்டரின் அகலம் என்ற குழப்பமும் வரும். விளையாடுபவர்களும் டிசைன் இன்ஜினியர்களும் சிறைபிடிக்கும் முறைக்கு மாறிக்கொள்ளட்டும். அவர்களுக்கு எந்த மெனுவில் எது இருக்கிறது என்று தெரியும், தெரிந்துகொள்ள நேரமும் இருக்கிறது. இயல்புநிலையை முடிவு செய்யும்போது யாரை மனதில் வைக்கிறோம் என்பதுதான் என் சண்டை.

அச்சகத்து மெஷினில் நான் செய்தது, இயந்திரத்தை அணைத்துவிட்டு அதன் சாதனப் பட்டியலில் யூஎஸ்பி டேப்லெட் என்று ஒரு வரி சேர்த்தது. எக்ஸ்பி கிளம்பி, புதிய சாதனம் கண்டேன் என்று பலூன் காட்டி, அடங்கியது. அக்கா பழக்கத்தில் மூலைக்கு இழுத்தார். அம்பு ஜன்னலைத் தாண்டி லினக்ஸ் மெனு மேல் போய் நின்றது. "ஐயோ, வெளிய போயிடுச்சு," என்றார். திரும்பக் கொண்டுவந்தார், நேராக எழுத்தின் மேல் வந்து நின்றது. "இவ்வளவுதானா? இதை அவன் அப்பவே போட்டிருக்கலாமே" என்று தம்பி மகனைத் திட்டினார். அவனைத் திட்ட வேண்டாம், அக்கா. அவனுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

வெர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் இயந்திரத்தின் அமைப்புகளில் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். சுட்டுக்கருவி என்று ஒரு பட்டியல் இருக்கும். பிஎஸ்/2 மவுஸ் என்றிருந்தால் யூஎஸ்பி டேப்லெட் என்று மாற்றுங்கள். கல்லூரி லேபில் இருப்பவர்கள், முப்பது மெஷினிலும் மாற்றிவிட்டு, சுவரில் இருக்கும் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.